பிறந்த வீடா, படித்த படிப்பா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவனுடைய தொழிலையும் சமூகத்தில் அவனுக்குக் கிடைக்கும் மதிப்பையும் நிர்ணயிப்பது அவன் பிறந்த வீடா, அல்லது அவன் படித்த படிப்பா? இதுவே இன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். வயதிலும் அனுபவத்திலும் மூத்தோர் பலர் வீற்றிருக்கும் இச்சபையில், இன்னும் சர்வகலாசாலையை விட்டு வெளியேறாத ஒருவன் இதைப் பற்றிப் பேசுவது சற்றுத் துணிகரமான காரியந்தான். ஆயினும் இக்கேள்வி எங்கள் வயதினரை அன்றாடம் எதிர்நோக்கும் கேள்வியாதலால் துணிந்து சில கருத்துக்களை உங்கள் முன் வைக்கிறேன்.

நம்மவரிடையே இக்கேள்விக்கு இரண்டு விடைகள் வழங்கி வருகின்றன. "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?" என்பர் ஒரு சாரார். டாக்குத்தரின் மகன் டாக்குத்தராவதும் அப்புக்காத்தின் மகன் அப்புக்காத்தாவதும் இரத்தத்தில் ஊறிய சங்கதி என்பது இவர்கள் எண்ணம். "படித்தவன் முன்னேறுகிறான், படியாதவன் பின்தங்குகிறான், இதிலே வீட்டுக்கு என்ன வேலை?" என்பர் மற்றச் சாரார். இரு சாராரும் பாதி உண்மையையே சொல்கிறார்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். வீடும் படிப்பும் எதிரெதிராக நிற்கும் இரு சக்திகள் அல்ல. வீடு, படிப்பின் வழியாகவே பிள்ளையின் தொழிலைப் போய்ச் சேர்கிறது. இதைத்தான் நான் விளக்க முயலப் போகிறேன்.

முதலில் நமது சொந்தச் சரித்திரத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். அமெரிக்க மிஷன் பாதிரிமார் 1816ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் அடுத்த ஆண்டில் உடுவில் பெண்கள் பாடசாலையும் தோன்றின. சைவ மக்களின் முயற்சியும் பின்தங்கவில்லை. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி எழுந்தது. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தொடங்கிக் கிராமம் தோறும் பாடசாலைகளை நிறுவியது. மழையை நம்பி வாழும் சிறிய வறண்ட குடாநாடு, இலங்கையிலே கல்வியிற் சிறந்த பகுதிகளில் ஒன்றாகிய வரலாறு இதுதான்.

இக்கல்வி கொடுத்த பலன் என்ன? வட்டுக்கோட்டையிலே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். அவர் பெயரை நாம் அனைவரும் அறிவோம். பெயர் அறியப்படாத ஆயிரக்கணக்கானோர் கொழும்பிலும் கண்டியிலும் கந்தோர் இலிகிதராயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி மலாயாவுக்குக் கப்பலேறிப் புகையிரதப் பகுதியிலும் திறைசேரியிலும் வேலை பார்த்தனர். அவர்கள் அனுப்பிய மணியோடர் பணம் ஊரிலே கல்வீடாகவும் காணியாகவும் சீதனமாகவும் உருமாறிற்று. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று நம் பாட்டன்மார் சொன்னதற்குப் பின்னால் உள்ள பொருளாதாரம் இதுவே. நிலத்திலே கிடைக்காத வருமானத்தை ஆங்கிலப் படிப்புக் கொடுத்தது.

ஆனால் அந்தப் படிப்பு யாருக்குக் கிடைத்தது? சுயபாஷைப் பாடசாலைகளிற் சம்பளம் இல்லை. உத்தியோகத்துக்கு வழிகாட்டிய ஆங்கிலப் பாடசாலைகளிலோ சம்பளம் கட்ட வேண்டும். ஆகவே காணியும் பூமியும் உள்ள குடும்பங்களும், ஏற்கெனவே ஒரு மாதச் சம்பளக்காரர் உள்ள குடும்பங்களுமே பெரும்பாலும் அவ்வாசலைத் தாண்டின. மகன் உத்தியோகத்தனாவதற்குத் தகப்பன் ஏற்கெனவே ஓரளவு உயர்ந்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பலன் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு முதுசம் போல் இறங்கியது.

பணம் ஒன்றே தடையாக இருந்ததுமில்லை. 1929, 1930ஆம் ஆண்டுகளில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது? எதிர்ப்பு மனுக்கள் எழுந்தன, சில பாடசாலைகள் தீக்கிரையாயின. அதற்கு முன்னர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் நிலத்திலே இருந்து பாடம் கேட்டார்கள். சைவம் வளர்த்த ஊர், கல்வி வளர்த்த ஊர் என்று மார்தட்டும் நாம் இதனையும் அதே மூச்சிற் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இத்தகைய ஒதுக்குதலுக்கு விடையாகத்தான் கரவெட்டிப் பக்கத்திலே சைவப் பெரியார் சூரன் அவர்கள் தம் மக்களுக்கெனத் தேவரையாளிப் பாடசாலையை நிறுவினார். மூடிய கதவின் முன் நின்று அழாமல் புதிய கதவொன்றைச் செய்த பெருமகன் அவர். அப்பாடசாலையிலிருந்து ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் உத்தியோகத்தர்களும் தோன்றினார்கள். "புலிக்குப் பிறந்தது" என்ற பழமொழிக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேண்டுமா? இரத்தம் மாறவில்லை, பாடசாலை வந்தது, தொழில் மாறியது.

இனி நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு பெரும் மாற்றத்தைக் கவனிப்போம். 1931இல் கல்வி மந்திரியாகிய சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் தாமே ஏணியின் அடிப்படியிலிருந்து ஏறியவர். அம்பலாங்கொடைக்கு அருகே பிறந்து, வெஸ்லியன் பாடசாலையிற் படித்து, உபகாரச் சம்பளம் பெற்றே காலி றிச்மண்ட் கல்லூரிக்குச் சென்றவர். அவர் தலைமை தாங்கிய விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதலாந் திகதி முதல் பாலர் வகுப்பிலிருந்து சர்வகலாசாலை வரை கல்வி இலவசமாயிற்று. பட்டினத்துக் கல்லூரிகளுக்கு இணையாக நாட்டுப்புறங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகள் எழுந்தன. பின்னர் பாடங்கள் தாய்மொழியில் நடக்கத் தொடங்கி, 1960ஆம் ஆண்டளவில் தாய்மொழியிற் படித்தவர்கள் சர்வகலாசாலைக் கலைப் பகுதிக்குள்ளும் புகுந்தனர். கமக்காரன் மகனும் மீன்பிடிப்பவர் மகளும் பட்டம் பெறுவது கதையிலன்றி வாழ்விலும் நடக்கலாயிற்று.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? சம்பளம் இல்லை, மொழித் தடையும் நீங்கியது, இனிப் பிள்ளையின் மூளையும் முயற்சியுமே மிச்சம் என்று சொல்லிவிடலாமா? இங்கேதான் சமூகவியலார் நமக்கு உதவுகிறார்கள்.

பீற்றர் பிளௌ, ஒற்றிஸ் டட்லி டங்கன் என்னும் அறிஞர் இருவர் 1967இல் அமெரிக்கரின் தொழில் அமைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். 1962இல் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களிடம் திரட்டிய விபரங்களே அதற்கு ஆதாரம். தகப்பனின் படிப்பு, தகப்பனின் தொழில், மகனின் படிப்பு, மகனின் முதல் வேலை, இன்றைய வேலை என்னும் ஐந்தையும் எடுத்து, எது எதை எவ்வளவு பாதிக்கிறது என்று கணித்தனர். தகப்பனின் தொழில் மகனின் இன்றைய தொழிலை நேராகப் பாதிக்கும் அளவு 0.12 மாத்திரமே. மகனின் சொந்தப் படிப்பின் செல்வாக்கோ 0.39. இத்துடன் நிறுத்திவிட்டால் "படிப்பே பெரிது" என்ற கட்சி வென்றதாகிவிடும். ஆனால் அந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் மேலும் ஆராய்ந்தார்கள். மகனின் படிப்பின் மீது தகப்பனின் படிப்புக்கு உள்ள செல்வாக்கு 0.31, தகப்பனின் தொழிலுக்கு உள்ள செல்வாக்கு 0.28. வீடு முன்வாசலால் வராமல் பள்ளிக்கூடத்தின் பின்வாசலால் வருகிறது என்பதே இதன் பொருள்.

இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். அமெரிக்காவிலே கறுப்பு இனத்தவன் ஒருவன் வெள்ளையனுக்குச் சமமாகப் படித்திருந்தாலும் சமமான உத்தியோகம் அவனுக்குக் கிடைக்கவில்லை. படிப்பு எல்லோருக்கும் ஒரே விலை போவதில்லை என்பதற்கு அது சான்று. சாதியும் மொழியும் என்ன செய்யும் என்பதை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

இலவசக் கல்வி உள்ள நம் நாட்டிலே வீடு எந்த வழியாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைகிறது? சில வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, நேரம். ஒரு பிள்ளை பாடசாலை விட்டதும் புத்தகத்தை விரிக்கிறது. மற்றொரு பிள்ளை கிணற்றடிக்கோ தோட்டத்துக்கோ கடற்கரைக்கோ செல்கிறது. பெண்பிள்ளையாயின் தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பும் அவள் தலையில் விழுகிறது. பரீட்சை மண்டபத்தில் இருவருக்கும் மூன்று மணித்தியாலந்தான். அதற்கு முன் வீட்டிலே கிடைத்த மணித்தியாலங்களோ வேறு வேறு.

இரண்டாவது, பேச்சும் புத்தகமும். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை பாடநூலின் மொழியைப் பாலர் வகுப்புக்கு முன்னரே கேட்டு வளர்கிறது. எந்தப் பாடத்தைத் தெரிய வேண்டும், எந்த விண்ணப்பத்தை எப்போது அனுப்ப வேண்டும் என்பதை அறிந்த மாமாவோ சித்தப்பாவோ அவ்வீட்டில் இருப்பார். படித்தோர் இல்லாத வீட்டிலே பிள்ளைக்கு அறிவு குறைவதில்லை, வழி சொல்ல ஆள்தான் இல்லை. நான் பயின்ற மிஷன் கல்லூரியில் என்னிலும் கணிதத்தில் வல்ல மாணவன் ஒருவன் இருந்தான். அவன் கடற்றொழிற் கிராமத்தைச் சேர்ந்தவன். தகப்பனார் நோயுற்றதும் அவன் உயர்தர வகுப்பை விட்டுப் படகுக்குப் போனான். அது அவன் குற்றமுமன்று, ஆசிரியர் குற்றமுமன்று. ஒரே ஒரு நோயைத் தாங்கும் சக்தி அவ்வீட்டுக்கு இல்லாதிருந்தது.

மூன்றாவது, டியூசன். சம்பளத்தைச் சட்டம் முன்வாசலால் விரட்டியது. அது வேறு பெயர் சூடி மாலை நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் என்பது வறிய பிள்ளைகளைத் தேடி எடுப்பதற்காக ஏற்பட்ட பரீட்சை. அதற்கே பத்து வயதுப் பிள்ளைகள் பணம் கொடுத்துப் பயிற்சி பெறுகிறார்கள் என்றால், அப்பரீட்சை அளப்பது எதை?

நான்காவது, பாடசாலை அமைந்த இடம். இந்நாட்டிலுள்ள சுமார் 10,000 அரசாங்கப் பாடசாலைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றிலேயே உயர்தர விஞ்ஞான வகுப்பு உண்டு. அது இல்லாத கிராமத்துப் பிள்ளை டாக்குத்தராவதும் எஞ்சினியராவதும் திறமையால் மாத்திரம் தீரும் காரியமன்று. பஸ் செலவும் விடுதிச் செலவும் யார் கொடுப்பது?

அன்பர்களே, இப்போது நம்மில் பலருக்குக் கசப்பான ஒரு விஷயத்தைத் தொடுகிறேன். 1971இல் வந்த தரப்படுத்தலை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு வைத்தியப் பகுதிக்குச் செல்வதற்குத் தமிழ் மொழியில் எழுதியவர் 400க்கு 250 புள்ளி பெற வேண்டியிருக்க, சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 போதுமானதாயிற்று. எழுதிய மொழியைக் கொண்டு பிள்ளைகளைப் பிரித்த அவ்வேற்பாடு அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. அதன் புண் ஒரு தலைமுறையின் நெஞ்சிலே தங்கி, நாட்டின் பிற்கால வரலாற்றையே மாற்றியது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பல திருத்தங்களின் பின் இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன.

இவ்விரண்டையும் நாம் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். மொழியைக் கொண்டு புள்ளியைக் கூட்டிக் குறைப்பது வேறு. ஆய்கூடம் இல்லாத பாடசாலையிற் படித்த பிள்ளைக்குக் கைகொடுப்பது வேறு. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் நுவரெலியாவிலும் உள்ள தமிழ்ப் பிள்ளைகள் இந்தப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டினாற் பயன் பெறுகிறார்கள். "திறமைக்கே இடம்" என்று நாம் குரல் எழுப்பும்போது, அத்திறமையில் எவ்வளவு பங்கு பிள்ளையினுடையது, எவ்வளவு பங்கு யாழ்ப்பாணப் பட்டினத்துக் கல்லூரியினுடையது என்று கேட்கும் நேர்மையும் நமக்கு வேண்டும். மாவட்டம் என்ற அளவுகோலும் பூரணமானதன்று. அதே மாவட்டத்தின் வசதியான வீட்டுப் பிள்ளையே அதன் நன்மையை முதலிற் பறித்துக்கொள்ளவும் கூடும்.

மலைநாட்டைப் பற்றிச் சொல்லாமல் இவ்விஷயத்தை முடிக்க இயலாது. தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் துரைமார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1907இலேயே வந்தது. ஆனால் நெடுங்காலமாகத் தோட்டப் பாடசாலை என்றால் ஓர் ஆசிரியரும் ஓர் அறையும் ஐந்தாம் வகுப்பு எல்லையுமாகவே இருந்தது. 1945இன் இலவசக் கல்வி அங்கே சென்று சேரவில்லை. 1970ஆம் ஆண்டுகளிலே தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமோ அம்மக்களை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. பிரசையல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. அப்படியிருக்க, லயத்துத் தகப்பன் தன் மகனைப் பன்னிரண்டு வருடம் எதற்காகப் படிப்பிக்க வேண்டும்? "தோட்டத்தாருக்குப் படிப்பிலே நாட்டமில்லை" என்று சொல்வது எளிது. ஏணியின் மேற்படிகளை வெட்டிவிட்டு, கீழ்ப்படியிலே நிற்பவனுக்கு ஏற ஆசையில்லை என்று குறை கூறுவதை எவ்வாறு நியாயம் என்பது? வழி திறந்தபோது அம்மக்களிடையே ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் பேராசிரியர்களும் தோன்றியதை நாம் கண்டோமல்லவா?

இனி, படிப்பே சகலமும் என்ற எண்ணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. றொனால்ட் டோர் என்னும் ஆங்கில அறிஞர் 1976இல் வெளியிட்ட நூலொன்றிலே பத்திரங்களைத் துரத்தும் நோயைப் பற்றி எழுதும்போது இலங்கையையும் ஓர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் எஸ். எஸ். ஸி. சித்தியடைந்தவன் செய்த இலிகிதர் வேலைக்கு இன்று பட்டதாரிகள் வரிசையில் நிற்கிறார்கள். வேலை பெருகாமல் பத்திரம் மாத்திரம் பெருகினால் ஏணி நீளுமேயன்றி, மேலே போய்ச் சேரும் மாடி விசாலிக்காது. 1971இல் தென்னிலங்கையிலே கிளர்ந்தெழுந்த வாலிபரிற் பலர், படித்தும் தகுந்த வேலையில்லாத கிராமத்துப் பிள்ளைகள் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். வேலையைப் பெருக்கும் பொறுப்பு அரசுக்கும் செல்வந்தருக்கும் உண்டு.

நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தொழில்களை நாம் மதிக்கும் முறையே தவறானது. மல்லிகை ஆசிரியர் டொமினிக் ஜீவா அவர்கள் இளமையிலேயே பள்ளிப் படிப்பை விட்டு, முடிதிருத்தும் தொழிலைச் செய்துகொண்டே எழுதியவர். "தண்ணீரும் கண்ணீரும்" என்னும் அவரது சிறுகதைத் தொகுதிக்கு 1960ஆம் ஆண்டுக்கான சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. தம் தொழிலை அவர் மறைக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை. இத்தகைய ஒருவரைக் காட்டி, "பார், முயன்றால் யாரும் முன்னேறலாம்" என்று மற்றவர்களைக் கடிந்துகொள்வோர் உண்டு. நூறு பேரில் ஒருவர் மதிலேறிக் குதித்தார் என்பது மதில் இல்லை என்பதற்குச் சாட்சியாகாது. கைத்தொழிலுக்கும் கந்தோர் வேலைக்கும் இடையே நாம் எழுப்பிய அம்மதில் தாழ்ந்தால், பாதிப் பிள்ளைகளின் மனக்கவலை நீங்கும்.

இவ்வளவும் கேட்டபின், "வீடு இத்துணை வலியதென்றால் நாம் செய்யக்கூடியது என்ன?" என்று மனந்தளர வேண்டியதில்லை. செல்வ நாடுகளிலே பிள்ளையின் தேர்ச்சியைப் பள்ளிக்கூடத்திலும் வீடே அதிகம் பாதிக்கிறது என்று 1966இல் கோல்மன் அறிக்கை முதலாக ஆராய்ச்சிகள் சில கூறின. ஆனால் 29 நாடுகளை ஒப்பிட்டு ஹைன்மன், லொக்ஸ்லி என்போர் 1983இல் வெளியிட்ட ஆய்வின்படி, வறிய நாடுகளிலே நல்ல ஆசிரியரும் நல்ல பாடசாலையும் வீட்டின் குறையை அதிகமாக ஈடுசெய்கின்றன. வீட்டிலே புத்தகம் இல்லாத இடத்தில்தான் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தின் பெறுமதி மிகுகின்றது. இது நமக்குப் பெரிய நம்பிக்கை.

ஆகவே இச்சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்களை விடுக்கிறேன். முதலாவது, நமது மண்டபம் மாலை ஆறு மணிக்கு மேல் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. அதனை ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் திறந்து, வெளிச்சமும் மேசையும் அமைதியும் தேவையான பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம். எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்த ஒழுங்கை என்று வாசலிலே எவரும் கேட்கலாகாது. இரண்டாவது, சர்வகலாசாலையிற் பயிலும் நாங்கள் விடுமுறை தோறும் கணிதமும் ஆங்கிலமும் விஞ்ஞானமும் பணம் பெறாமற் கற்பிப்போம். என் பெயரை அவ்விடாப்பின் முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது, உத்தியோகத்திலிருந்தும் பென்சன் பெற்றும் இருக்கும் பெரியோர்கள் வாரத்தில் ஒரு மாலை வந்திருந்து, விண்ணப்பம் எழுதுவதற்கும் பாடம் தெரிவதற்கும் வழி சொல்லுங்கள். மாமா இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் மாமாவாக இருங்கள். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை, திறப்பு ஒன்றும் மனம் ஒன்றும் போதும்.

சபையோரே, இங்கே கூடியிருக்கும் நம்மில் அநேகர் யாரோ கட்டிய பாடசாலையில், யாரோ செலுத்திய வரியில், யாரோ விட்டுக்கொடுத்த உழைப்பிற் படித்தவர்கள். பாதிரிமாரும் நாவலர் வழிவந்தோரும் சூரனாரும் கன்னங்கராவும் தத்தம் காலத்தில் ஒவ்வொரு கதவைத் திறந்துவிட்டுச் சென்றனர். அக்கதவால் நுழைந்த நாம் உள்ளே நின்று தாழ்ப்பாள் இடுவதா, அல்லது அடுத்த கதவைத் திறப்பதா என்பதே இனி நம் முன்னுள்ள கேள்வி. பிறந்த வீட்டைத் தெரிந்தெடுக்கும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. அந்த வீட்டுக்கு வெளியே அதற்கு என்ன காத்திருக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நமக்கு உண்டு. அவ்வுரிமையை நல்ல முறையிற் பயன்படுத்துவோமாக.